பழைய கீபோர்டு, சிந்தசைசர், சுருதிப்பெட்டி பழுதானால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை சிம்மக்கல் பக்கத்தில் இருக்கும் என் சிறிய பட்டறைக்கு வரும் பழைய மின்னணு வாத்தியங்கள் பெரும்பாலும் முதல் பழுதோடு வருவதில்லை. முதல் பழுதை அவசரமாகச் சரிசெய்யப் போய் உண்டான இரண்டாவது பழுதோடு வருகின்றன. அடாப்டரை மாற்றிச் செருகியிருப்பார்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். அழுக்குப் போகட்டும் என்று பெட்ரோல் ஊற்றிக் கழுவியிருப்பார்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்து மெல்லிசைக் குழுக்காரர்களும், தேவாலயத்தில் வாசிக்கும் தம்பிகளும், நாதஸ்வரக் குழுவினரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் 1980களிலும் 90களிலும் செய்யப்பட்ட கருவிகளைப் பற்றியது இது.

நேற்று வரை பாடிய கீபோர்டு இன்று ஆன் ஆகவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

கருவியைத் திறக்காதீர்கள். அடாப்டரைப் பாருங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, அடாப்டர் முனையில் எவ்வளவு வருகிறது, எந்தப் பக்கம் பிளஸ் என்று அளந்து பாருங்கள். இந்த இரண்டாவது அளவை எடுக்காமல் விடுவதால் சாகும் கருவிகள் ஏராளம். பழைய கேசியோ கீபோர்டுகளின் அடாப்டரில் நடுமுனை மைனஸ், யமஹாவில் நடுமுனை பிளஸ். இரண்டின் முனையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், செருகினால் உட்கார்ந்தும் கொள்ளும். கருவியின் பின்புறத்தில், செருகும் துளைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு படம் போட்டிருப்பார்கள்: நடுவில் புள்ளி, சுற்றி அரைவட்டம், இருபுறமும் பிளஸ், மைனஸ் குறிகள். கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படியுங்கள்.

பழைய கனமான எலிமினேட்டர் (டிரான்ஸ்பார்மர் வைத்த அடாப்டர்) என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எதோடும் இணைக்காமல் அளந்தால் 12 வோல்ட் எலிமினேட்டர் 16 வோல்ட் வரைகூடக் காட்டும். சுமை ஏறியதும் அது இறங்கும், அதனால் பழுது என்று தூக்கிப் போட வேண்டாம். ஆனால் ஒன்றுமே காட்டவில்லை என்றாலும், முனையை அசைக்கும்போது எண் குதித்தாலும், பழுது அங்கேதான்.

அடாப்டர் சரி என்றால் அடுத்தது செருகும் துளை. மேடைக்கு மேடை செருகிப் பிடுங்கியதில் உள்ளே போர்டில் ஈயப் பற்று விரிந்திருக்கும். பேட்டரிக் கட்டைகளைப் போட்டுப் பாருங்கள். பேட்டரியில் ஓடுகிறது, அடாப்டரில் ஓடவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

அடாப்டரை மாற்றிச் செருகிவிட்டேன். எல்லாம் போய்விட்டதா?

பல கருவிகளில் மின்சாரம் உள்ளே நுழையும் இடத்திலேயே ஒரு டையோடு (ஒரே திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் சிறு பாகம்) காவலுக்கு இருக்கும். தலைகீழாக மின்சாரம் வந்தால் அது ஷார்ட் ஆகித் தான் செத்து மற்றதைக் காப்பாற்றும். அந்த ஒரு டையோடை மாற்றியதும் பழையபடி பாடிய கீபோர்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் "வருகிறதா பார்ப்போம்" என்று நாலைந்து அடாப்டரைச் செருகிச் செருகிப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தால் அந்த நல்ல வாய்ப்பும் போய்விடும்.

அப்பாவின் ஆர்கன் பத்து வருடமாகப் பரணில் கிடக்கிறது. நேராக பிளக்கில் செருகலாமா?

கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்.

முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். பிளக் செருகியிருக்கவே கூடாது. எலி கூடு கட்டியிருக்கலாம், ஒயரின் தோலைக் கடித்திருக்கலாம். பல்லி, கரப்பான் எச்சம் போர்டின் மேல் காய்ந்திருந்தால் அது ஈரத்தில் மின்சாரத்தைக் கடத்தும். மரப்பெட்டி என்றால் கரையான். பேட்டரி அறையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா? கண்டென்சர்களின் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகங்கள்) தலை உப்பியிருக்கிறதா, அடியில் பிசின்போல் கசிந்திருக்கிறதா? மின்சாரம் நுழையும் இடத்தில் இருக்கும் காகித வகை கண்டென்சர்களின் மேலோட்டில் மயிர்க்கோடு போல வெடிப்பு இருந்தால், அவை செருகிய சில நிமிடங்களில் புகையைக் கக்கும். மூக்கையும் பயன்படுத்துங்கள். மீன் கவிச்சி அடித்தால் ஏதோ ஒரு கண்டென்சர் கசிந்திருக்கக்கூடும்.

இதெல்லாம் பார்த்த பிறகு சீரீஸ் போர்டு. நம் ஊர் டிவி மெக்கானிக்குகள் எல்லோரிடமும் இருந்த பொருள் அது: ஒரு பிளக், அதன் பேஸ் ஒயரில் வரிசையாக ஒரு பல்பு ஹோல்டர், அப்புறம் ஒரு சாக்கெட். ஹோல்டரில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பு இதற்கு உதவாது. கருவியை அந்த சாக்கெட்டில் செருகி ஆன் செய்தால், பல்பு ஒரு கணம் எரிந்து பிறகு மங்க வேண்டும். முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். மின்சாரம் முழுவதும் பல்பிலேயே செலவாவதால் கருவி கருகாமல் தப்பும். டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய கருவிகளுக்கு இது மிக நம்பகமான சோதனை. எஸ்எம்பிஎஸ் (கனமான டிரான்ஸ்பார்மர் இல்லாமல் மின்னணு முறையில் வோல்ட்டைக் குறைக்கும் பகுதி) வகையில் பல்பு விட்டுவிட்டு எரிவதும் உண்டு, அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இன்னொன்று: பல்பு நடுவில் இருப்பதால் ஷாக் அடிக்காது என்று நினைக்காதீர்கள். கொல்லும் மின்சாரம் அப்படியேதான் இருக்கிறது.

மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. பின்னால் 100 வோல்ட் என்று போட்டிருக்கிறது. என்ன செய்வது?

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. நமக்கு 230. சிங்கப்பூரிலிருந்து வந்தது பெரும்பாலும் நமக்கு ஒத்துவரும். வளைகுடாவிலிருந்து வந்தது என்றால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சவூதியில் வெகுகாலம் வீடுகளில் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் இருந்தது. பின்புறத்தில் வோல்ட் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் திருப்பும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், ஃபியூஸ் அளவும் மாற வேண்டுமா என்று கையேட்டில் பாருங்கள்.

சுவிட்ச் இல்லை என்றால் ஸ்டெப்-டவுன் (வோல்ட்டைக் குறைக்கும்) டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 110 வோல்ட் தரும். 100 வோல்ட் கருவிக்கு அது கொஞ்சம் அதிகம், சூடு கூடும், அதனால் 100 வோல்ட் தருவதைக் கேட்டு வாங்குங்கள். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே செய்த டிரான்ஸ்பார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஹேமண்ட் போன்ற சக்கரம் சுழலும் பழைய ஆர்கன்களில் இந்த ஹெர்ட்ஸ் விஷயம் சுருதியையே மாற்றிவிடும். அதன் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கு ஏற்பச் சுழல்கிறது. 60 ஹெர்ட்ஸ் ஆர்கனை இங்கே ஓட்டினால் சுருதி ஏறக்குறைய மூன்று அரைஸ்வரம் இறங்கிப் பாடும். வோல்ட் டிரான்ஸ்பார்மர் அதைச் சரிசெய்யாது.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் பெரிய ஃபியூஸ் போடலாமா?

வேண்டாம். ஃபியூஸ் ஒரு முறை போனால் வயது காரணமாக இருக்கலாம். அதே அளவில் ஒன்று மாற்றிப் பார்க்கலாம். இரண்டாம் முறையும் போனால் உள்ளே எதுவோ அதை எரிக்கிறது. கம்பி சுற்றி ஓட்டினால் அடுத்தது எரிவது டிரான்ஸ்பார்மர். அந்த டிரான்ஸ்பார்மர் கடையில் கிடைக்காது.

உள்ளே எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

அடாப்டரில் ஓடும் கருவி என்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகு உள்ளே உங்களைக் கொல்லும் அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் கையால் அது சாகலாம். பழைய ஐசிகள் (சில்லுகள்) உடலில் தேங்கும் நிலைமின்சாரத்துக்கே போய்விடும். நைலான் சட்டையோடு மெத்தையில் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். எர்த் இணைப்புள்ள உலோகத்தைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பவர் ஒயர் நேராக உள்ளே போகும் கருவி வேறு கதை. எஸ்எம்பிஎஸ் இருந்தால் அதன் பெரிய கண்டென்சரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் நிற்கும். திருப்புளியால் இரண்டு காலையும் இணைத்து "டப்" என்று இறக்குவதைச் சிலர் வீரமாகச் செய்கிறார்கள். கண்ணில் தீப்பொறி பட்டவர்கள் இருக்கிறார்கள். மீட்டரை வைத்து அளந்து, இறங்கியதை உறுதி செய்துகொள்ளும் பழக்கம் இல்லாதவர்கள் அந்தப் பகுதியைத் தொடவே வேண்டாம். வால்வு வைத்த ஆர்கன், ஆம்ப்ளிஃபையர் என்றாலும் அதே பேச்சுதான்.

திறக்கும் முன் கைபேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு ஒயரையும் பிடுங்கும் முன் ஒரு படம். ஸ்க்ரூக்களை எடுத்த வரிசையில் ஒரு அட்டையில் குத்திவையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இடத்தில் முறுக்கிப் போர்டைத் துளைத்துவிட்டு வந்தவர்கள் பலர்.

உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்றினால் நான் சேமித்த சத்தங்கள் போய்விடுமா?

போய்விடும். இதை நீட்டியே சொல்ல வேண்டும்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிசைக் குழுத் தலைவர் தன் யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரைக் கொண்டுவந்தார். 1983இல் வெளிவந்த மாடல். அதன் உள்நினைவில் 32 சத்தங்கள் வைக்கலாம். அவர் பல வருடம் இரவிரவாக உட்கார்ந்து நாதஸ்வரம், முகவீணை, நையாண்டி மேளத்துக்கு இணையாக ஒரு தகர ஓசை என்று தானே செய்து வைத்திருந்தார். திரையில் "பேட்டரியை மாற்று" என்று வந்ததும் வேறு ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அங்கே பழைய பேட்டரியை வெட்டி எடுத்துப் புதியதை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். பேட்டரி புதிது, வேலையும் சுத்தம், சத்தங்கள் ஒன்றுகூட இல்லை. "அண்ணே, உள்ளே எங்கேயாவது ஒளிந்திருக்குமா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதிலிருந்து எந்தக் கருவி வந்தாலும், பழுதைக் கேட்கும் முன், உள்ளே நீங்களாகச் செய்து வைத்தது ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

செய்ய வேண்டியது இது. மிடி கேபிள் (மின்னணு வாத்தியங்களை இணைக்கும் கேபிள்) வழியாகக் கணினியோடு இணைத்து எல்லாச் சத்தங்களையும் சிஸெக்ஸ் (கருவியின் உள் அமைப்புகளைச் சுமக்கும்) கோப்பாக எடுத்துவையுங்கள். டிஎக்ஸ்7க்கு அட்டைக் கார்ட்ரிஜ் இருந்தால் அதிலும் சேமிக்கலாம். சில பழைய கருவிகளில் காசெட் டேப்புக்கு அனுப்பும் வசதி இருக்கும். அதை இப்போது கைபேசியிலோ கணினியிலோ ஒலியாகப் பதிவு செய்தாலும் போதும், சுருக்காத கோப்பாகப் பதிவு செய்யுங்கள். எடுத்ததைத் திரும்ப ஏற்றிப் பார்த்து, வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே பேட்டரியில் கைவையுங்கள்.

டிஎக்ஸ்7, 1987இல் வந்த ரோலண்ட் டி-50, 1988இல் வந்த கோர்க் எம்1 எல்லாவற்றிலும் சிஆர்2032 வகை 3 வோல்ட் நாணய பேட்டரிதான். பல கருவிகளில் போர்டில் நேரடியாகப் பற்றவைத்திருப்பார்கள். புதிய நாணய பேட்டரியின் மேல் நேராக ஈயம் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கும். ஒரு ஹோல்டரைப் பற்றவைத்து அதில் பேட்டரியைச் செருகுங்கள். அடுத்த முறை மாற்றுபவருக்குச் சால்டரிங் அயர்னே தேவைப்படாது.

இன்னொரு வகை மிக ஆபத்தானது. 1981இல் வந்த கோர்க் பாலிசிக்ஸ் போன்றவற்றில் இருப்பது சார்ஜ் ஆகும் நிக்கல் காட்மியம் பேட்டரி. அது வயதாகிக் கசிந்து, கேஎல்எம்-367 என்ற போர்டின் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். அங்கே சாதாரண லித்தியம் பேட்டரியை அப்படியே வைக்கக் கூடாது. கருவி அதைச் சார்ஜ் செய்ய முயலும், லித்தியம் பேட்டரி அதைத் தாங்காது. சார்ஜ் போகாமல் தடுக்க ஒரு டையோடு நடுவில் வைத்தே தீர வேண்டும். கசிந்த இடத்தை வெள்ளை வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு சுத்திகரித்த நீர், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பச்சை தெரிந்தும் "ஓடுகிறதே" என்று விட்டுவைத்தால் அது தின்றுகொண்டே போகும்.

பேட்டரி அறையில் சாதாரண கட்டை பேட்டரி கசிந்திருந்தால் எந்த வகை என்று பாருங்கள். ஆல்கலைன் என்றால் வினிகர். நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் துத்தநாகக் கட்டை என்றால் அதன் கசிவு அமிலத்தன்மை கொண்டது, அதற்கு ஆப்பச் சோடாக் கரைசல்.

கீபோர்டில் சில கட்டைகள் மட்டும் பேசவில்லை. என்ன காரணம்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. எந்தக் கட்டைகள் ஊமையாகின்றன என்பதை ஒரு தாளில் எழுதினாலே பாதி விடை வந்துவிடும். கருவியைத் திறக்கவே வேண்டாம். வலமிருந்து இடமாக ஒவ்வொன்றாக அழுத்தி, பேசாததை வட்டமிடுங்கள்.

அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் தொடுபரப்பில் அழுக்கு. அடுத்தடுத்து ஏழெட்டுக் கட்டைகள் சேர்ந்து ஊமையானாலோ, சரியாக எட்டாவது, பதினாறாவது, இருபத்து நான்காவது என்று சீரான இடைவெளியில் ஊமையானாலோ, அழுக்கு இல்லை. கீபோர்டின் 61 கட்டைகளுக்கும் தனித்தனி ஒயர் போவதில்லை. எட்டு எட்டாகப் பின்னிய வலை போல இணைத்திருப்பார்கள். அந்த வலையில் ஒரு இழை அறுந்தால் அதில் கோர்த்த கட்டைகள் மொத்தமும் போகும். ரிப்பன் ஒயரின் முனையையும், போர்டில் நுண்ணிய விரிசலையும் தேடுங்கள்.

பழைய ஆர்கனில் எல்லா ஸ்தாயியிலும் ஒரே ஸ்வரம் மட்டும், உதாரணமாக எல்லா "ஸ"வும், பேசாமல் போவதும் உண்டு. அந்தக் காலத்து ஆர்கன்கள் மேல் ஸ்தாயியின் 12 ஸ்வரங்களை மட்டும் உண்டாக்கி, அவற்றைப் பாதி பாதியாக வகுத்துக் கீழ் ஸ்தாயிகளைப் பெற்றன. தாய் ஸ்வரம் போனால் பிள்ளைகள் எல்லாம் போகும். கட்டையைக் கழட்டித் துடைப்பதில் பலன் இல்லை.

கட்டை எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு ஆறாவது முறை அழுத்தும்போது சத்தம் கரகரக்கிறது அல்லது காணாமல் போகிறது என்றால், அது ஆறு குரல் கொண்ட, அதாவது ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரம் பாடும் சிந்தசைசரில் ஒரு குரல் செத்திருப்பதன் அடையாளம். 1984இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106இல் இது ஊரறிந்த நோய். அதில் குரலுக்கு ஒன்றாக ஆறு 80017ஏ சில்லுகள் உண்டு. அவற்றின் மேல் பூசிய கறுப்புப் பிசின் வயதாகி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடுகிறது. கீ டிரான்ஸ்போஸ் பொத்தானைப் பிடித்தபடி ஆன் செய்தால் சோதனை முறைக்குப் போய், எந்தக் குரல் ஒலிக்கிறது என்று எண்ணில் காட்டும். சில்லைக் கழட்டி அசிட்டோனில் ஊறவைத்துப் பிசினை உரிப்பவர்கள் உண்டு, அது பலன் தருகிறது. ஆனால் முதல் முயற்சியை உங்கள் ஜூனோவில் செய்யாதீர்கள். ஒரு கால் உடைந்தால் முடிந்தது. புதிதாகச் செய்த மாற்றுச் சில்லுகள் கிடைக்கின்றன.

கட்டைகளுக்கு அடியில் எப்படிச் சுத்தம் செய்வது?

பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். சென்ற வருடம் ஒரு தேவாலயக் கீபோர்டையும், ஒரு கோயில் கச்சேரிக் குழுவின் கீபோர்டையும் ஒரே மேசையில் திறந்து வைத்திருந்தேன். முதலாவதில் மெழுகுவர்த்தித் துளி, ஆப்பிள் விதை, குழந்தைகள் சொருகிய ஒரு ரூபாய் நாணயம். இரண்டாவதில் சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும். வருடா வருடம் வைத்த பொட்டு காய்ந்து பொடியாகி, கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கி, ரப்பர் பட்டையின் மேல் மஞ்சளும் சிவப்புமாகப் படிந்திருந்தது. தபேலாக்காரர் கையில் போடும் பவுடர் அதன் மேல் ஒரு வெள்ளைப் படலம். பூஜை செய்யுங்கள், பொட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள், கட்டைகளின் மேலும் கண்ட்ரோல்களின் மேலும் வைக்காதீர்கள்.

முதலில் மென்மையான தூரிகையால் உலர்ந்த தூசியை வெளியே தள்ளுங்கள். ரப்பர் பட்டையைப் போர்டிலிருந்து மெல்ல உரியுங்கள். அது சின்னச் சின்ன ரப்பர்க் குமிழ்களால் துளைகளில் பிடித்திருக்கும், இழுத்தால் குமிழ் அறுந்துவிடும். போர்டில் கறுப்பாகப் பளபளப்பது கார்பன் பூச்சு. காதுப் பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்து, ஒரே திசையில் ஒருமுறை துடையுங்கள். பஞ்சில் கறுப்பு ஏறத் தொடங்கினால் நிறுத்துங்கள், அது அழுக்கு அல்ல, கார்பனே உரிகிறது. அழிரப்பர், உப்புத்தாள், தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். ரப்பரின் அடியில் உள்ள கறுப்பு வில்லையைப் பஞ்சில்லாத துணியால் லேசாகத் துடைத்தால் போதும். காய ஒரு மணி நேரம் நிழலில் வையுங்கள். மொட்டைமாடியில் சித்திரை வெயிலில் காயவைத்துக் கட்டைகள் வளைந்து வந்த கீபோர்டு ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

வால்யூமைத் திருப்பினால் கரகரவென்கிறது. எண்ணெய் விடலாமா?

தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், சைக்கிள் செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரே மூன்றும் வேண்டாம். அடித்த அன்று கரகரப்பு நிற்கும், ஒரு மாதத்தில் தூசியைச் சேர்த்துக் களிம்பாகிவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கண்ட்ரோலுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரை ஒரு துளி விட்டு, இருபது முப்பது தடவை முழுச் சுற்றுத் திருப்புங்கள்.

வயதானதால் கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்கிறார்களே?

எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்கு உள்ளே ஈரம் உண்டு. சூட்டில் அது காயும். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. நம் ஊரில் கோடையில் 40 டிகிரி தாண்டுகிறது, ஆகவே மதுரையில் வாழ்ந்த கருவியில் சந்தேகப்படுவது நியாயம். ஆனால் ஐம்பது கண்டென்சரை மாற்றுவது என்றால் நூறு இடத்தில் சூடு வைப்பது. பழைய போர்டின் செம்புத் தடம் சூட்டில் தோல்போல உரிந்து வரும்.

நான் செய்வது இப்படி: மின்வழங்கும் பகுதியை அளப்பேன். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 4.75க்கும் 5.25க்கும் இடையில் நிற்கிறதா? அதே இடத்தில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்தால் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா? ஸ்பீக்கரில் "உம்ம்ம்" என்ற இரைச்சல் இருக்கிறதா? இருந்தால் அங்குள்ள பெரிய வடிகட்டிக் கண்டென்சர்களை மட்டும் மாற்றுவேன். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை. மற்றவை ஒழுங்காக வேலை செய்தால் அவற்றை எழுப்ப மாட்டேன்.

சுருதி நிற்கவில்லை. உள்ளே திருப்புளியால் திருப்பும் ப்ரிசெட் இருக்கிறதே, அதைத் திருப்பலாமா?

அனலாக் சிந்தசைசர் என்றால் முதலில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூடேறி நிலைக்கும் வரை சுருதி நகர்வது அதன் இயல்பு. மின்னணுச் சுருதிப்பெட்டி என்றால் முதல் சந்தேகம் இறங்கிய பேட்டரியின் மேல், இரண்டாவது சுருதிக் கண்ட்ரோலில் படிந்த தூசியின் மேல். ப்ரிசெட் தானாகத் திரும்புவதில்லை. ஒரு மேடை வாசிப்பாளர் ஒன்பது ப்ரிசெட்டையும் வரிசையாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தார். பழுது ஒரு டிரை சால்டர் (சரியாகப் பிடிக்காத ஈயப் பற்று), பத்து நிமிட வேலை. ப்ரிசெட்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு நாள் ஆனது. திருப்பியே ஆக வேண்டும் என்றால் சர்வீஸ் மேனுவலைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது நிற்கும் இடத்தை மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டுத் திருப்புங்கள்.

மேடையில் கீபோர்டில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது. கீபோர்டு பழுதா?

கச்சேரியை நிறுத்துங்கள். இதில் உயிர் போகும். பெரும்பாலும் கீபோர்டு காரணமல்ல. ஆம்ப்ளிஃபையரும் கீபோர்டும் வேறு வேறு இடத்திலிருந்து மின்சாரம் எடுத்திருக்கும், ஒன்றில் எர்த் இருக்காது. எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து எடுங்கள். இரைச்சல் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் காலை வெட்டியிருந்தால் அந்த பிளக்கை முதலில் மாற்றுங்கள். இரைச்சலுக்கு டிஐ பாக்ஸ் (கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் வைக்கும் பெட்டி) இருக்கிறது.

திருவிழாப் பந்தலில் மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய சாக்கெட்டில் 400 வோல்ட் வரைகூட வரும். ஜெனரேட்டர் மாறும்போதும் துள்ளும். செருகும் முன் மீட்டரால் அளந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். மீட்டர் இல்லாமல் எந்தக் குழுவும் மேடையேறக் கூடாது என்பேன்.

ஆக்டோபேடில் (குச்சியால் அடிக்கும் மின்னணுத் தாளக் கருவி) ஒரு பேட் மட்டும் அடித்தால் வரவில்லை.

பிசோ தகடு (அடியை மின்சாரமாக்கும் தகடு) வைத்த மாடல் என்றால் தகட்டிலிருந்து வரும் ஒயர் அடிபட்டு அடிபட்டு விட்டிருக்கும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, தகட்டைத் தட்டினால் எண் துள்ள வேண்டும். துள்ளினால் தகடு நல்லது. ஈயம் வைக்கும்போது ஒரு நொடிக்கு மேல் சூடு காட்டாதீர்கள், தகடு செத்துவிடும்.

ஃப்ளாப்பியில் இருக்கும் தாளங்கள் ஏறவில்லை.

மழைக்காலத்தில் ஃப்ளாப்பித் தகட்டில் பூஞ்சை பிடிக்கும். மூடியை நகர்த்திப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதை டிரைவில் போட்டால் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் நல்ல ஃப்ளாப்பியும் கெடும். படிக்கும் ஃப்ளாப்பிகளை இன்றே கணினியில் நகலெடுங்கள். டிரைவுக்குப் பதிலாகப் பென்டிரைவ் செருகும் எமுலேட்டர் போடலாம். பழைய டிரைவைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

ஐசி எங்கே கிடைக்கும்?

7805, 4558 போன்ற பொதுவானவை மதுரையிலேயே கிடைக்கும். அரியவற்றுக்குச் சென்னை ரிச்சி தெரு. அந்தக் கம்பெனி தனக்கென்று செய்த சில்லு என்றால், செத்த இன்னொரு கருவியிலிருந்து எடுப்பதுதான் வழி. எண்ணை அழித்து மறு எண் அச்சிட்ட போலிகள் நிறைய உலவுகின்றன. நேராகப் பற்றவைக்காமல் ஐசி சாக்கெட் வைத்துச் செருகிப் பாருங்கள்.

வாசிக்காத மாதங்களில் எப்படி வைத்திருப்பது?

பேட்டரிக் கட்டைகளைக் கழட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டிவைக்கும், பருத்தித் துணி போதும். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.

சரிசெய்த கருவியை உடனே மேடைக்குக் கொண்டுபோகலாமா?

இரண்டு நாள் பட்டறையில் ஓடட்டும். மதியச் சூட்டில் ஒருமுறை, மாலையில் வோல்ட் இறங்கும் நேரத்தில் ஒருமுறை. மூடியை மூடிய பிறகு இன்னும் ஒருமுறை, ஏனென்றால் மூடி அழுத்தினால் மட்டும் தலைகாட்டும் பழுதுகள் உண்டு. மூடும் முன் ஒரு சீட்டு எழுதி உள்ளே ஒட்டுகிறேன்: தேதி, மாற்றிய பாகம், அளந்த வோல்ட், எதைத் தொடாமல் விட்டேன் என்பது. ஒரு பழைய ஆர்கனைத் திறந்தபோது யாரோ பென்சிலால் எழுதிய இப்படி ஒரு சீட்டு உள்ளே இருந்தது. எந்த டிரான்சிஸ்டருக்குப் பதில் எதை வைத்தார், எந்த ஒயரின் நிறம் மாறியிருக்கிறது என்று தமிழில் நான்கு வரி. அது இல்லாவிட்டால் எனக்கு ஒரு வாரம் போயிருக்கும். என் சீட்டை அதற்குக் கீழே ஒட்டினேன்.